சூரியன் உதியாத மாதங்கள்



சில வியாதிகளை வைத்தியர் நாடி பிடித்துக் கண்டுபிடிப்பார். வேறு சிலவற்றை வீட்டிலுள்ளவர்கள் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்து விடுவார்கள். காலையில் எழுந்ததும் உம்மென்றிருக்கும் முகம், கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லாத வாய், சோற்றுத் தட்டை அப்பால் நகர்த்தும் கை, இவற்றைக் கண்டவுடன் சின்னப் பிள்ளைகள்கூட மெதுவாய் வாசலுக்கு நழுவி விடுகிறார்கள். ஒருவருக்கு வந்த மனச்சோர்வு பொழுது சாய்வதற்குள் வீடு முழுவதையும் பிடித்துக்கொள்ளுகிறது. இது தொற்று நோய் என்பதை நன்றாய் அறிந்திருந்த ஒரு மனிதரின் சரித்திரத்தை இந்த வாரம் உங்களுக்குச் சொல்லலாமென்று இருக்கிறேன். அவர் வைத்தியரல்லர், குருவானவருமல்லர், நம் திருச்சபையைச் சேர்ந்தவருமல்லர். கப்பற்காரர். பெயர் சர் எர்னஸ்ட் ஷாக்கிள்டன்.

அவருடைய கதையை விளங்கிக்கொள்ள முதலில் ஒரு காரியத்தை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பூமியின் தென்கோடியில் அண்டார்டிகா என்னும் பனிக்கண்டம் இருக்கிறது. நமக்குக் கோடை வரும் மாதங்களில் அங்கே குளிர்காலம் தொடங்குகிறது. மே மாதத்தில் அங்கே அஸ்தமிக்கிற சூரியன் மறுநாள் உதிப்பதில்லை, அடுத்த வாரமும் உதிப்பதில்லை. இரண்டு மூன்று மாதம் ஒரே இரவு. நடுப்பகலில் வடதிசையில் சற்று வெளுப்பு தெரியும், அவ்வளவுதான். அந்த இருட்டில், வேற்று முகம் ஒன்றையும் காணாமல், ஒரே கூட்டத்தோடு, ஒரே விளக்கடியில், ஒரே பேச்சைக் கேட்டுக்கொண்டு கிடக்கும் மனிதனுக்கு என்ன நேருமென்று நினைத்துப் பாருங்கள்.

என்ன நேர்ந்தது என்பது 1898-ஆம் வருஷமே உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. பெல்ஜிக்கா என்னும் பெல்ஜியக் கப்பல் அந்த வருஷம் பனிக்கடலில் அகப்பட்டுக்கொண்டது. சுமார் 70 நாள் சூரியனைக் காணாமல் அதிலிருந்தவர்கள் வாடினார்கள். ஜூன் மாதத்தில் டாங்கோ என்னும் அதிகாரி இருதய நோயால் இறந்தார். மற்றவர்கள் பேச்சை விட்டார்கள், உணவை வெறுத்தார்கள், சிலருக்குப் புத்தியே தடுமாறியது. கப்பல் பூனைகூட உண்ணாமல் உறங்காமல் கிடந்து செத்துப்போயிற்று. அக்கப்பலின் வைத்தியரான குக் என்னும் அமெரிக்கர் மருந்துப் பெட்டியில் இதற்கு மருந்தில்லை என்று கண்டு, தாமாகவே மூன்று சிகிச்சைகளை ஏற்படுத்தினார். நோயாளிகளை உடையின்றி அடுப்பு நெருப்பின் முன் நிறுத்தி அதன் ஒளியும் சூடும் மேலே படச் செய்தார். பெங்குவின் பறவை, கடல் நாய் இவற்றின் பச்சை இறைச்சியைச் சமைத்து உண்ணும்படி கட்டாயப்படுத்தினார். கப்பலைச் சுற்றிப் பனிமேல் தினந்தோறும் நடக்க வைத்தார். பிற்காலத்தில், 1984-இல், அமெரிக்க வைத்தியர் சிலர் குளிர்காலத்து மனச்சோர்வு ஒரு தனி நோய் என்று எழுதி, பிரகாசமான விளக்கொளியை அதற்குச் சிகிச்சையாகப் பரிசோதித்தார்கள். அடுப்பின் முன் மனிதர்களை நிறுத்திய குக் 86 வருஷம் முந்திக்கொண்டார்.

பெல்ஜிக்காவின் கதையைப் பின்னால் தென்துருவம் போன எல்லாரும் படித்தார்கள். படித்ததை மறவாமல் வைத்துக்கொண்டவர் ஷாக்கிள்டன்.

அவர் 1874-ஆம் வருஷம் பிப்ரவரி 15-ஆம் நாள் அயர்லாந்து தேசத்தில் கில்டேர் ஜில்லாவிலுள்ள கில்கி என்னும் கிராமத்தில் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் இரண்டாமவர். தகப்பனார் பயிர்த்தொழிலை விட்டு, நடுவயதில் வைத்தியம் படித்துப் பட்டம் பெற்றுக் குடும்பத்தோடு லண்டனுக்கு வந்து சேர்ந்தார். மகனும் வைத்தியராக வேண்டுமென்பது அவருடைய ஆசை. மகனுக்கோ பள்ளிக்கூடம் கசந்தது, கடல் இனித்தது. 16-ஆம் வயதில் பாய்மரக் கப்பலில் வேலைக்கு ஏறி விட்டார். கவிதை என்றால் உயிர். எந்நேரமும் பேச்சும் சிரிப்புமாய் இருப்பவர். ஆனால் ஓரிடத்தில் தங்கமாட்டார். ஒரு வேலையைப் பிடிப்பார், விடுவார், வியாபாரம் தொடங்குவார், கடன் வாங்குவார், சட்டசபைத் தேர்தலுக்கு நின்று தோற்பார். இப்படிப்பட்டவர்கள் நம் குடும்பங்களிலும் ஒருவர் இருவர் உண்டு. அவர்களை வைத்துக்கொண்டு பெற்றோரும் மனைவியும் படும் பாடு சொல்லத் தரமன்று.

1901-இல் ஸ்காட் என்னும் தளபதியின் கீழ் டிஸ்கவரி என்ற கப்பலில் முதன்முறையாகத் தென்துருவப் பிரயாணம் போனார். 1902-ஆம் வருஷக் குளிர்காலத்தில் சூரியன் மறைந்தபோது அங்கே ஒரு மாதப் பத்திரிகை நடத்தும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அச்சுயந்திரம் இல்லை. தட்டெழுத்தில் ஒரே ஒரு பிரதி தயாராகும், அதற்கு வைத்தியர் வில்சன் படங்கள் வரைவார், அதைக் கப்பல் முழுவதும் கைமாற்றிப் படிப்பார்கள். அதிகாரி என்றும் மாலுமி என்றும் பாராமல் எல்லாரும் எழுதலாம். பங்கு இதழ் நடத்துகிற எனக்கு இந்தச் செய்தியைப் படித்தபோது ஷாக்கிள்டன்மேல் தனிப் பற்று உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்? வாசகர் தொகை ஐம்பதுக்குள், ஆனால் எழுதித் தராமல் ஏய்ப்பதற்கு ஒருவருக்கும் இடமில்லை!

அந்தப் பிரயாணத்தில் ஸ்கர்வி நோயால் அவர் உடல் உடைந்தது. 1903-இல் ஸ்காட் அவரை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். அது அவருக்குப் பெருத்த அவமானமாய் இருந்தது. 1904-இல் எமிலி டோர்மன் என்னும் மாதை விவாகம் செய்தார். 1907-இல் தாமே தலைவராகி நிம்ராட் என்ற கப்பலில் மறுபடியும் புறப்பட்டார். 15 பேர் ஒரு மரக்குடிசையில் 1908-ஆம் வருஷத்துக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். இம்முறை அவர் ஒரு சிறிய அச்சுயந்திரத்தையே கொண்டு போயிருந்தார். இருட்டு மாதங்களில் அக்குடிசைக்குள்ளேயே ஒரு புத்தகம் எழுதி, எழுத்துக் கோத்து, படம் போட்டு, உணவுப் பெட்டிகளின் பலகையால் அட்டை கட்டி முடித்தார்கள். குளிரில் மை உறைந்து போகாதபடி அதன் அடியில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தார்களாம். அண்டார்டிகாவில் அச்சான முதல் புத்தகம் அதுவே. புத்தகம் வெளிவந்ததைக் காட்டிலும், அந்த இருட்டில் 15 பேர் ஒருவரையொருவர் கடித்துக் குதறாமல் இருந்தார்களே, அதுவே பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த வருஷம், 1909 ஜனவரி 9-ஆம் நாள், தென்துருவத்துக்கு 97 கடல் மைல் தூரத்தில் நின்றார். அவருக்கு முன் அவ்வளவு தெற்கே சென்றவர் ஒருவருமில்லை. இன்னும் சில நாள் நடந்தால் உலகப் புகழ். ஆனால் நடந்தால் உணவு போதாமல் நால்வரும் திரும்பும் வழியில் செத்துப்போவார்கள் என்று கண்டு, அங்கேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார். செத்த வீரனைவிட உயிருள்ள புருஷனே உனக்கு வேண்டியவன் என்று எண்ணித் திரும்பினேன் என்னும் கருத்தில் மனைவியிடம் சொன்னாராம். அந்த மனிதருடைய குறைகளை எண்ணும்போது இந்த ஒரு நாளையும் கூடவே எண்ண வேண்டும்.

இனி, நான் சொல்ல வந்த குளிர்காலத்துக்கு வருகிறேன்.

1914 ஆகஸ்டில், ஐரோப்பாவில் பெரும் யுத்தம் மூண்ட அதே வாரத்தில், எண்டூரன்ஸ் என்னும் கப்பல் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டது. இதற்குள் அமண்ட்சன் துருவத்தை அடைந்துவிட்டார், ஸ்காட்டும் அடைந்து, திரும்பும் வழியில் இறந்துவிட்டார். பனிக்கண்டத்தைக் குறுக்கே கடப்பதே ஷாக்கிள்டனின் நோக்கம். இதற்கு ஆள் சேர்த்த விதத்தைக் கேளுங்கள். சுமார் 5000 பேர் மனுச் செய்தார்கள். ஜேம்ஸ் என்னும் பௌதிக சாஸ்திரியை நேரில் அழைத்தபோது, அவருடைய படிப்பைப் பற்றி ஷாக்கிள்டன் அதிகம் விசாரிக்கவில்லை. பல் நன்றாய் இருக்கிறதா, கோபம் சட்டென்று வருமா, பாடத் தெரியுமா என்று கேட்டார். ஜேம்ஸ் திகைத்துப் போனார். பெரிய சங்கீத வித்துவானாக இருக்கத் தேவையில்லை, நாலு பேரோடு சேர்ந்து கூச்சல் போட்டால் போதும் என்று விளக்கம் சொன்னாராம். வானிலை ஆராய்ச்சிக்கென்று ஹஸ்ஸி என்னும் சின்ன உருவத்துக்காரரைச் சேர்த்துக்கொண்டார். அவர் கையில் ஒரு பாஞ்சோ வாத்தியம் இருந்தது. அந்த வாத்தியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1915 ஜனவரி நடுவில் வெட்டல் கடலில் பனிக்கட்டிகள் கப்பலைச் சூழ்ந்து இறுகிவிட்டன. கரை ஒரு நாள் பயணத் தூரத்தில்தான் இருந்தது. உள்ளே 28 பேர், சுமார் 70 நாய்கள், தச்சர் மக்னீஷின் பூனை ஒன்று. ஒரு மாதம் கப்பலை விடுவிக்கப் பாடுபட்டார்கள். இரம்பம் கொண்டும் கடப்பாரை கொண்டும் பனியை வெட்டினார்கள். பயனில்லை. பிப்ரவரி கடைசியில், இந்த வருஷம் வெளியேற முடியாது என்பதை ஷாக்கிள்டன் எல்லாருக்கும் அமைதியாய் அறிவித்தார். தம் வாழ்நாள் கனவு உடைந்து போனதைத் தெரிவிக்கும் நாளில் அவர் முகத்தில் கோபமாவது ஏமாற்றமாவது தெரியவில்லை என்று கூட இருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். உள்ளே தெரிந்திருக்கும். அதை வெளியே விடவில்லை.

அவர் செய்தவை மிகச் சாதாரணக் காரியங்கள், ஒருவேளை உங்களுக்குச் சிரிப்பு வரும். கப்பலின் நடுத்தளத்துச் சாமான் அறை மேல் அறைகளைவிட வெதுவெதுப்பாயிருந்ததால், அங்கே தடுப்புகள் கட்டி அதிகாரிகளையும் ஆராய்ச்சியாளரையும் குடியேற்றினார். அதற்கு லண்டன் நகரத்துப் பெரிய ஓட்டல் ஒன்றின் பெயரை வைத்துக்கொண்டார்கள். நாய்களைப் பனிமேல் இறக்கி, பனிக்கட்டியால் சிறு சிறு குடில்கள் கட்டி, ஆறு கூட்டமாய்ப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒருவரைப் பொறுப்பாளராக்கினார். காலையில் எழுந்ததும் தன்னை எதிர்பார்த்துக் குரைக்கும் பத்து நாய்கள் வெளியே இருக்கும்போது போர்வைக்குள் முடங்கிக் கிடக்க எவனுக்கு மனம் வரும்? சாப்பாட்டு வேளை தவறாது. சாப்பாட்டுக்குப் பின் எல்லாரும் ஒன்றாய் உட்கார வேண்டும், தனியே போய்ச் சுருண்டுகொள்ளக் கூடாது. சனிக்கிழமை இரவு வீட்டிலுள்ள மனைவியரையும் காதலியரையும் நினைத்து ஒரு கிண்ணம் ஏந்துவார்கள். புகைப்படக்காரர் ஹர்லி படவிளக்கில் தூர தேசத்துக் காட்சிகளைக் காண்பிப்பார். ஹஸ்ஸி பாஞ்சோ வாசிப்பார்.

மே மாதத் தொடக்கத்தில் சூரியன் மறைந்தது. பெல்ஜிக்காவில் பைத்தியம் பிடித்த அதே மாதங்களில் எண்டூரன்ஸில் வேறொரு பைத்தியம் பிடித்தது. ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து தலையை மொட்டையடித்துக்கொண்டு, ஒருவர் மண்டையைப் பார்த்து ஒருவர் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நிலா வெளிச்சத்தில் பனிமேல் பந்து விளையாடினார்கள். பண்டசாலைப் பொறுப்பாளரான ஓர்டு லீஸ் சைக்கிள் ஒன்றைக் கொண்டு வந்திருந்தார்! அதில் ஏறிப் பனிமேல் தன்னந்தனியே போய் வழிதவறிவிட்டார். தேடிப் பிடித்துக் கொண்டு வந்தபின், ஒருவரும் தனியே வெளியே போகலாகாது என்று தலைவர் கட்டளையிட்டார். ஜூன் 15-ஆம் நாள் நாய் வண்டிப் பந்தயம் வைத்தார்கள். நடுப்பகலின் அரையிருட்டில், சுமார் 700 கஜ தூரம். சாக்லேட்டும் சிகரெட்டும் பணயம். துணைத் தலைவர் பிராங்க் வைல்டின் நாய்கள் 2 நிமிஷம் 16 விநாடியில் ஓடி வென்றன. சூதாட்டத்தை நான் ஆதரிப்பதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆனால் அந்த ஒரு பந்தயத்தைப் பற்றி அவர்கள் ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் பேசினார்கள் என்பது உண்மை. ஜூன் 22-ஆம் நாள், இருட்டின் நடுமையத்தில், வேஷம் போட்டுக் கூத்தாடி விருந்து வைத்தார்கள். ஜூலை 26-ஆம் நாள் தொடுவானத்துக்கு மேல் சூரியனின் விளிம்பு சற்று நேரம் தலைகாட்டிற்று. 28 பேரும் புத்தி தெளிவோடு அதைக் கண்டார்கள்.

கப்பல் பிழைக்கவில்லை. அக்டோபர் 27-ஆம் நாள் பனியின் நெருக்கத்தால் அதன் விலா உடைந்தது. எல்லாரும் பனிமேல் இறங்கினார்கள். ஆளுக்கு இரண்டு இராத்தல் சொந்தச் சாமானுக்கு மேல் எடுக்கக்கூடாது என்று சட்டம் போட்ட தலைவர், எல்லார் கண் முன்னே தம் தங்கக் காசுகளைப் பனியில் எறிந்தார். மகாராணி அலெக்ஸாண்ட்ரா அன்பளிப்பாகக் கொடுத்திருந்த வேதாகமத்தில் அவர் கையெழுத்திட்ட தாளையும், யோபு ஆகமத்தில் பனியையும் உறைந்த நீரையும் பற்றிய பக்கத்தையும், கர்த்தர் என் மேய்ப்பர் என்று நாம் அறிந்த சங்கீதத்தையும் கிழித்து வைத்துக்கொண்டு, கனமான அந்தப் புத்தகத்தைப் பனிமேல் வைத்துவிட்டார். ஒரு மாலுமிக்கு மனம் கேட்கவில்லை. யாரும் பாராதபோது அதை எடுத்து மறைத்துக்கொண்டான். இப்படியெல்லாம் கண்டிப்பாய் இருந்தவர், பன்னிரண்டு இராத்தல் எடையுள்ள பாஞ்சோவை மாத்திரம் விட்டுப்போகச் சம்மதிக்கவில்லை. அதை ஹஸ்ஸியிடமே திருப்பிக் கொடுத்து, இது நம் எல்லாருடைய மனதுக்கும் மருந்து என்கிற முறையில் எடுத்து வரச் சொன்னார்.

கூடாரங்களைப் பங்கிட்டதில் அவருடைய சூட்சுமத்தைப் பாருங்கள். இனிய குணமுள்ளவர்களைத் தம்மோடு வைத்துக்கொண்டு நிம்மதியாய் உறங்கியிருக்கலாம். அவர் எதிரிடையாய்ச் செய்தார். தன் பெருமையைப் பேசிக்கொண்டு, மதிக்காவிட்டால் முறுக்கிக்கொள்ளும் ஹர்லி, எதற்கும் கலங்கும் ஹட்சன், மற்றவர்களின் கேலிக்கு ஆளாகிற ஜேம்ஸ், இம்மூவரையும் தம் கூடாரத்தில் சேர்த்துக்கொண்டார். ஹர்லியிடம் ஓயாமல் ஆலோசனை கேட்பார். கேட்டது ஆலோசனைக்காக அல்ல என்பது மற்றவர்களுக்குத் தெரியும். வீடுகளைச் சந்திக்கப் போகும்போது நான் காண்பது என்னவென்றால், முகம் கடுத்தவரை எல்லாரும் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, நமக்கேன் வம்பு என்று ஒதுங்கிப் போகிறார்கள். மூலையில் அது இன்னும் கடுக்கிறது.

அவர் குற்றமற்றவர் என்று நான் சொல்லவில்லை. தச்சர் மக்னீஷின் பூனையையும் சில நாய்க்குட்டிகளையும் கப்பலை விட்டதும் சுட்டுக் கொல்லச் செய்தார். அது தேவையாயிருந்திருக்கலாம், ஆனால் மக்னீஷ் அதை மன்னிக்கவேயில்லை. டிசம்பரில் அவர் வண்டி இழுக்க மறுத்துக் கலகம் செய்தார். பின்பு படகின் பக்கங்களை உயர்த்தி எல்லாருடைய உயிரும் பிழைக்க வழி செய்தவரும் அதே மக்னீஷ். அப்படியிருந்தும் ஊர் திரும்பியபின் துருவப் பதக்கத்துக்கு ஷாக்கிள்டன் அவர் பெயரைச் சிபாரிசு செய்யவில்லை. வேறு மூவருக்கும் அப்படியே. பனிக்கடலில் அத்தனை பேரின் மனத்தாங்கலையும் ஆற்றியவர், தம்முடைய ஒரு மனத்தாங்கலை ஆற்றிக்கொள்ளவில்லை.

நவம்பர் 21-ஆம் நாள் கப்பல் நீருக்குள் மறைந்தது. மிதக்கும் பனிமேல் ஐந்து மாதம் கழித்தார்கள். இறுதியில் நாய்களையும் சுட நேர்ந்தது. 1916 ஏப்ரலில் பனி பிளந்ததும் மூன்று படகுகளில் ஏறி, ஏழு நாள் அலைபட்டு, எலிபண்ட் தீவு என்னும் பாறைத் தீவில் கரை சேர்ந்தார்கள். அங்கிருந்து ஷாக்கிள்டனும் ஐந்து பேரும் 22 அடிப் படகில் சுமார் 800 கடல் மைல் கடந்து தென் ஜார்ஜியா தீவுக்கு உதவி தேடிப் போனார்கள். அந்தக் கடற்பயணம் உலகப் பிரசித்தம். அதை வேறொரு வாரம் எழுதலாம். ஒரு சிறு விஷயம் மட்டும் இங்கே சொல்லவேண்டும். படகில் யாராவது ஒருவர் குளிரால் மிகவும் தளர்ந்துவிட்டதைக் கண்டால், அவருக்கென்று சொல்லாமல், எல்லாருக்குமே சூடான பால் காய்ச்சும்படி உத்தரவிடுவார். தனக்காகத்தான் காய்ச்சப்பட்டது என்பது குடித்தவனுக்குத் தெரியாது.

தீவில் தங்கிய 22 பேருக்குக் காவலாய் இருந்தவர் பிராங்க் வைல்ட். இதுவே இரண்டாவது குளிர்காலம். முதலாவதில் கப்பலும் விளக்கும் விருந்தும் இருந்தன. இதில் ஒன்றுமில்லை. தாழ்ந்த கற்சுவர்களின்மேல் இரண்டு படகுகளைக் கவிழ்த்து, அதன்கீழ் 22 பேர் நெருக்கியடித்துப் படுத்தார்கள். நிமிர்ந்து நிற்க இடமில்லை. கடல் நாயின் கொழுப்பே விளக்கு, அதுவே அடுப்பு, அதன் புகையே காற்று. பிளாக்பரோ என்னும் இளைஞன் கப்பலில் ஒளிந்து ஏறி வந்தவன். அவனுடைய கால் விரல்கள் பனியால் அழுகிவிட்டன. ஜூன் 15-ஆம் நாள், போன வருஷம் நாய்ப் பந்தயம் நடந்த அதே தேதியில், வைத்தியர்கள் மெக்கில்ராயும் மாக்ளினும் அந்தக் கொழுப்பு விளக்கொளியில் விரல்களை வெட்டியெடுத்து அவன் உயிரைக் காப்பாற்றினார்கள்.

வைல்ட் செய்தது ஒரே காரியம். தினந்தோறும் காலையில், தலைவர் இன்றைக்கு வரக்கூடும், படுக்கைகளைச் சுருட்டிக் கட்டுங்கள் என்று எல்லாரையும் எழுப்புவார். நான்கு மாதம், ஒரு நாளும் தவறாமல். சிலர் முணுமுணுத்தார்கள். ஓர்டு லீஸ் போன்றவர்கள் இனி யாரும் வரப்போவதில்லை என்றே தீர்மானித்து விட்டார்கள். ஆனாலும் படுக்கை சுருட்டப்பட்டது. சனிக்கிழமை இரவில் பாட்டு. பாஞ்சோவுக்கு அங்கேயும் வேலை இருந்தது. ஒருவரையொருவர் கேலி செய்து புதுப்பாட்டுக் கட்டி, பாடப்பட்டவர் முன்னிலையிலேயே பாடினார்கள். ஓவியர் மார்ஸ்டனிடம் ஒரு பென்னி விலையுள்ள சமையல் புத்தகம் இருந்தது. இரவில் அதிலிருந்து ஒரு பதார்த்தத்தை அவர் வாசிப்பார், மற்றவர்கள் பசியோடு படுத்துக்கொண்டு, வெண்ணெய் இன்னும் கொஞ்சம் போட்டால் என்ன என்று விவாதம் செய்வார்கள்.

இவையெல்லாம் எல்லாருக்கும் போதவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹட்சன் மனம் உடைந்து, உடம்பில் பெரிய சிலந்திக் கட்டியோடு, வாரக்கணக்கில் படுத்த படுக்கையாய் இருந்தார். பாட்டு அவரை எழுப்பவில்லை. யாரும் அவரைச் சோம்பேறி என்று ஏசவுமில்லை. வைத்தியர்கள் கட்டியைக் கீறிச் சிகிச்சை செய்தார்கள், மற்றவர்கள் உணவைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சந்தோஷமாய் இரு என்று சொல்லி மட்டும் தீராத சோர்வும் உண்டு.

இதே மாதங்களில் ஷாக்கிள்டன் என்ன செய்துகொண்டிருந்தார்? மே 20-ஆம் நாள், மலைகளையும் பனியாறுகளையும் 36 மணி நேரம் ஓயாமல் கடந்து, திமிங்கிலம் பிடிப்பவர்களின் துறைக்கு வந்து சேர்ந்தார். மூன்றாம் நாளே ஒரு கப்பலில் புறப்பட்டார். பனி தடுத்தது. உருகுவே அரசு கப்பல் தந்தது. பனி தடுத்தது. மூன்றாவது ஒரு சிறு கப்பலை அமர்த்தினார். அதுவும் திரும்பிற்று. தம் மனிதர்களுக்கு முன்னால் ஒருநாளும் தளராத அந்த மனிதர் இப்போது தளர்ந்தார். அந்த மாதங்களில் அவர் தலை நரைத்துப்போயிற்று என்று கூடவே இருந்த வார்ஸ்லி எழுதுகிறார். பார்த்துத் தேற்ற வேண்டியவர்கள் பக்கத்தில் இருந்தவரையில் அவருக்குச் சோர்வு வரவில்லை. அவர்கள் தூரத்தில் போனதும் வந்துவிட்டது.

சிலி நாட்டு அரசு எல்ச்சோ என்னும் சிறிய கப்பலைக் கொடுத்தது. தலைவர் லூயிஸ் பார்தோ. இது நான்காவது முயற்சி. ஆகஸ்ட் 30-ஆம் நாள் தீவில் மத்தியான உணவு நேரத்தில் வெளியே நின்ற மார்ஸ்டன் கப்பலைக் கண்டார். ஷாக்கிள்டன் படகில் நெருங்கி வரும்போதே கரையிலிருந்த உருவங்களை எண்ணிக்கொண்டு வந்தார். இருபத்திரண்டும் சரியாயிருந்தன. எல்லாரும் சுகம் என்று வைல்ட் உரக்கச் சொன்னார். படுக்கைகள் அன்றும் சுருட்டிக் கட்டியிருந்தன. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாரும் கப்பலில் இருந்தார்கள்.

கண்டத்தின் மறுகரையில் அவருக்காக உணவு சேமித்து வைக்கப்போன கூட்டத்தில் அப்படியில்லை. அங்கே மூவர் இறந்தார்கள். அவர்களில் ஸ்பென்சர் ஸ்மித் என்பவர் ஆங்கிலிக்கன் சபைக் குருவானவர். மீதியானவர்களை மீட்க 1917 ஜனவரியில் ஷாக்கிள்டனே போய்வந்தார்.

அதன்பின் அவர் வாழ்ந்தது ஐந்தே வருஷம். வீட்டில் நிம்மதியில்லை. கடன் கழுத்துவரை. குடியும் சற்றுக் கூடிற்று, இருதயம் கெட்டது. பனியில் அத்தனை பேருக்கு வேளாவேளைக்கு ஒழுங்கு வகுத்தவரால் லண்டன் நகரத்தில் தம் ஒரு நாளை ஒழுங்குபடுத்த முடியவில்லை. எமிலி அம்மாளின் பொறுமையைப் பற்றி யாரும் பெரிய புத்தகம் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். 1921-இல் குவெஸ்ட் என்னும் கப்பலில் மறுபடியும் தெற்கே புறப்பட்டார். பழைய ஆட்களில் பலர், சம்பள பாக்கி இன்னும் தீராமல் இருந்தும், அவர் கூப்பிட்டவுடன் வந்து சேர்ந்தார்கள். வைல்ட் வந்தார், வார்ஸ்லி வந்தார், மாக்ளின் வந்தார், பாஞ்சோவோடு ஹஸ்ஸியும் வந்தார். 1922 ஜனவரி 5-ஆம் நாள் அதிகாலையில் தென் ஜார்ஜியாவின் துறைமுகத்தில், கப்பலிலேயே, மாக்ளின் பக்கத்தில் இருக்க, ஷாக்கிள்டன் இறந்தார். வயது 47. சுமார் 40,000 பவுன் கடன் வைத்துப் போனார்.

உடலை இங்கிலாந்துக்குக் கொண்டுபோக ஹஸ்ஸி கூடவே புறப்பட்டார். உருகுவே நாட்டின் மாண்டிவிடியோ நகரம் சேர்ந்தபோது, அவர் நேசித்த தென் திசையிலேயே அடக்கம் செய்யும்படி எமிலி அம்மாள் சொல்லியனுப்பினார். ஹஸ்ஸி உடலோடு திரும்பினார். மார்ச் 5-ஆம் நாள் கிரிட்விக்கன் துறையில், திமிங்கில வேட்டைக்காரரின் சின்னக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. சரியாய் நூறு வருஷம் கழித்து, 2022 மார்ச் 5-ஆம் நாள், வெட்டல் கடலில் 3008 மீட்டர் ஆழத்தில் எண்டூரன்ஸ் கப்பலைக் கண்டுபிடித்தார்கள். மரம் மட்கவில்லை, பின்புறத்தில் பெயர் எழுத்துகள் அப்படியே தெரிகின்றன.

ஹஸ்ஸி பின்பு வைத்தியம் படித்து டாக்டராகி, நெடுநாள் வாழ்ந்தார். அந்தப் பாஞ்சோ இப்போது லண்டனை அடுத்த கிரீன்விச்சிலுள்ள கடல் அருங்காட்சிச்சாலையில் இருக்கிறது. அதில் அந்தக் குளிர்காலத்துத் தோழர்களின் கையெழுத்துகள் காணப்படுகின்றன.